நீண்ட பச்சைக் கோடுகளின் வழியே

சரளைப் பாதைகளுக்கென்றே தடித்த டயரோடு வரும் கிராவல் பைக் ஒன்றை வாங்கிக்கொண்டு இங்கிலாந்தின் மலைப்பாங்கான நாட்டுப்புறத்தில் சரளைச் சாலை தேடிப் புறப்படுகிறவருக்கு முதலில் கிடைப்பது ஏமாற்றம்தான். அமெரிக்காவின் மத்தியப் பகுதியில் இந்த வகைச் சைக்கிளோட்டம் செழித்ததற்குக் காரணம், தார் காணாத பொதுச் சாலைகள் அங்கே மைல் கணக்கில் நீண்டு கிடப்பதுதான். இங்கிலாந்திலோ ஒரே ஒரு பண்ணை வீட்டுக்குப் போகிற சந்துக்குக்கூட என்றைக்கோ தார் போட்டுவிட்டார்கள். ஆகவே இங்கே கிராவல் வழித்தடம் என்று சொல்லப்படுவது, ரயில் நின்றுபோன தடம், ஆட்டு மந்தை ஓட்டிச் சென்ற பழைய வழி, காட்டுக்குள் மரம் ஏற்றும் வண்டிகளுக்காகப் போட்ட சாலை, குன்றின் முகட்டில் ஓடும் வண்டித்தடம் ஆகியவற்றை ஒன்றோடொன்று ஒட்டுப்போட்டுத் தைத்த துணியைப் போன்றது. தையலை எங்கே போடலாம் என்பதை இரண்டு விஷயங்கள் தீர்மானிக்கின்றன: வரைபடத்தில் உள்ள பச்சைக் கோட்டின் நீளம், டயருக்குக் கீழே உள்ள பாறையின் குணம். ஆறு வருடங்களாக ஓட்டியதில் நான் கற்றுக்கொண்டதெல்லாம் ஏறக்குறைய இவ்விரண்டுக்குள் அடங்கிவிடும்.

கோட்டைப் பற்றி முதலில் சொல்கிறேன். பிரிட்டனின் தேசிய வரைபட நிறுவனமான ஆர்டனன்ஸ் சர்வேயின் எக்ஸ்ப்ளோரர் வரைபடம் 1:25,000 அளவில் அமைந்தது. தரையின் ஒரு கிலோமீட்டர் தாளில் நான்கு சென்டிமீட்டராக விரிகிறது, வயலின் ஒவ்வொரு சுவரும் அதில் தெரியும். அதில் குட்டிக் குட்டிப் பச்சைக் கோடுகளால் காட்டப்படுவது நடப்பவர்களுக்கு மட்டுமான ஃபுட்பாத். சற்றே நீண்ட பச்சைக் கோடுகளால் காட்டப்படுவது குதிரையில் செல்பவர்களுக்கும் உரிய பிரைடில்வே. சைக்கிளுக்கு இந்தக் குதிரைவழியில் செல்லும் உரிமையை 1968ஆம் ஆண்டின் நாட்டுப்புறச் சட்டம் தந்தது. ஆனால் அதே சட்டப் பிரிவு, நடப்பவர்களுக்கும் குதிரைக்காரர்களுக்கும் சைக்கிள்காரர் வழிவிட வேண்டும் என்றும், சைக்கிளுக்கு வசதியாகப் பாதையைச் செப்பனிட வேண்டிய கடமை யாருக்கும் இல்லை என்றும் சேர்த்தே சொல்லிவிட்டது. அனுமதி உண்டு, உபசாரம் இல்லை. முழங்கால் அளவு சேற்றில் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு நிற்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் பிரிவு ஞாபகம் வரும்.

இவை தவிர, பைவே என்று அழைக்கப்படும் இரண்டு வகை வழிகளிலும் சைக்கிள் போகலாம். எல்லாவற்றையும் கூட்டினாலும், இங்கிலாந்தின் பொது வழியுரிமைப் பாதைகளில் சைக்கிளுக்குத் திறந்திருப்பது ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குதான். எல்லை தாண்டி ஸ்காட்லாந்துக்குப் போனால் 2003ஆம் ஆண்டின் நிலச் சீர்திருத்தச் சட்டத்தின்படி, பொறுப்போடு நடந்துகொள்கிற சைக்கிள்காரர் பெரும்பாலான நிலத்தில் தாராளமாகப் போகலாம். ஒரே தீவு, ஒரே மழை, ஆனால் சட்டம் வேறு.

கோட்டின் வேறுபாட்டைத் தரையிலும் பார்க்கலாம், அம்புக்குறியைத் தேட வேண்டியதுகூட இல்லை. வயல் சுவரில் ஓர் ஆள் உடம்பை ஒடுக்கிக்கொண்டு நுழையும் அளவுக்கு இரண்டு கற்பலகைகளை நெருக்கமாக நட்டிருந்தால் அது நடைவழி. சைக்கிளின் ஹேண்டில்பார் அதற்குள் நுழையாது. குதிரைவழியில் அமைக்கும் கதவு குறைந்தது ஐந்து அடி, அதாவது சுமார் ஒன்றரை மீட்டர் அகலம் இருக்க வேண்டும் என்பது விதி. பல கதவுகளில் தாழ்ப்பாளின் கைப்பிடி மார்பளவு உயரத்துக்கு நீட்டப்பட்டிருக்கும். சேணத்திலிருந்து இறங்காமலேயே குனிந்து இழுப்பதற்காகச் செய்த ஏற்பாடு அது. ஒரு காலைத் தரையில் ஊன்றி, ஒரு கையால் அந்தக் கைப்பிடியை இழுத்து, முன் சக்கரத்தால் கதவைத் தள்ளி, பின் சக்கரம் கடந்ததும் அது தானாக மூடிக்கொள்ளும் சத்தத்தைக் கேட்டுவிட்டுப் பெடலை மிதிப்பதற்கு நான் ஒரு வருடம் பழக வேண்டியிருந்தது. மூடியதா என்று திரும்பிப் பார்ப்பதும் அந்தப் பழக்கத்தின் பகுதிதான், ஏனென்றால் கதவுக்கு அந்தப் பக்கம் செம்மறி ஆடுகள் நிற்கின்றன.

இதையெல்லாம் நான் கற்றது அவமானப்பட்ட பிறகுதான். தொடக்கத்தில் ஒரு செயலி போட்டுக் கொடுத்த வழியை அப்படியே நம்பி ஒரு பள்ளத்தாக்கில் இறங்கினேன். எதிரே நாயோடு வந்த முதியவர் ஒதுங்கி நின்று, "இது நடைவழி, தெரியுமல்லவா?" என்று மிகவும் பணிவாகக் கேட்டார். அந்தப் பணிவுதான் சுருக்கென்று குத்தியது. நடைவழியில் சைக்கிள் ஓட்டுவது பொதுவாகக் குற்றவியல் குற்றமன்று, நில உரிமையாளருக்கு எதிரான அத்துமீறல் மட்டுமே என்பதைப் பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டேன்; அது ஆறுதலாக இல்லை. செயலியில் போட்ட வழியைத் தாள் வரைபடத்தோடு ஒரு முறை ஒப்பிட்டுப் பார்க்காமல் இப்போது நான் வீட்டை விட்டுக் கிளம்புவதில்லை.

எனக்கு மிகவும் பழகிப்போன வட்டப் பாதை டெர்பிஷயரில் உள்ள பேக்வெல்லில் தொடங்குகிறது. 1951இல் பிரிட்டனின் முதல் தேசியப் பூங்காவான பீக் டிஸ்டிரிக்டின் தென்பகுதிக்கு ஒயிட் பீக் என்று பெயர். அது சுண்ணாம்புப் பாறையால் ஆன மேட்டுநிலம். அந்த மேட்டை வெட்டிக்கொண்டு போகும் வை ஆற்றின் பள்ளத்தாக்கில் 1863இல் ரயில் ஓடத் தொடங்கியது, 1968இல் நின்றது. அந்தத் தடமே இன்றைய மான்சல் டிரெயில், நீளம் சுமார் 14 கிலோமீட்டர். சுரங்கங்கள் நெடுங்காலம் அடைபட்டுக் கிடந்தன. 2011இல்தான் அவற்றைத் திறந்தார்கள். கோடைகால மதியத்தில்கூட ஹெட்ஸ்டோன் சுரங்கத்துக்குள் நுழைந்தவுடன் காதுமடல் சில்லிடும். சுவரில் கசியும் நீர் சொட்டுச் சொட்டாகத் தோளில் விழும். எதிர்முனையின் வெளிச்சம் முதலில் காசு அளவில் தெரிந்து, மெல்லப் பெரிதாகி, சட்டென்று ஆற்றுக்கு மேலே வளைவுப் பாலத்தில் நம்மைக் கொண்டுபோய் நிறுத்தும். இந்தப் பாலத்தைக் கட்டியபோது பள்ளத்தாக்கே பாழாகிவிட்டது என்று கலை விமர்சகர் ஜான் ரஸ்கின் கடுமையாகச் சாடினார். இன்று அந்தப் பாலத்தைப் படம் பிடிக்கவே கூட்டம் வருகிறது.

ரயில் தடத்தில் ஓட்டுவது, உண்மையைச் சொன்னால், கொஞ்சம் சலிப்பானது. நீராவி இன்ஜினுக்கு ஏற்ற சரிவு தொடைக்கு வேலை தராது. வட்டம் சூடு பிடிப்பது மேற்கு முனையில் உள்ள பிளாக்வெல் மில்லில்தான். அங்கிருந்து பென்னைன் பிரைடில்வே பள்ளத்தாக்கின் சுவரில் செங்குத்தாக ஏறுகிறது. சுமார் 330 கிலோமீட்டர் நீளமுள்ள இந்த நெடுவழி குதிரைகளை மனத்தில் வைத்தே அமைக்கப்பட்டது. குதிரைக்கு மூச்சு வாங்கும் இடத்தில் எனக்கும் வாங்குகிறது. மேலே செல்மார்ட்டன் ஊரைச் சுற்றிலும் வயல்கள் நீளநீளமான குறுகிய பட்டைகளாகச் சுவர்களுக்கிடையே கிடக்கின்றன. இடைக்காலத்து உழவர்களின் நிலப் பங்கீடு கல்லில் உறைந்து நிற்கிறது. சுவர்களுக்கு இடையேயான சந்தில் முஷ்டியளவுக் கற்கள் உருள்கின்றன. காய்ந்த சுண்ணாம்புப் பாறை டயரைக் கவ்விப் பிடிக்கும். மழையில் நனைந்தாலோ, ஆடும் மாடும் காலணியும் தேய்த்து வழுவழுப்பாக்கிய அதே கல் சோப்புக் கட்டியாகிவிடும். அங்கே முன் பிரேக்கைத் தொடவே கூடாது.

அதன் பின் பார்ஸ்லி ஹே வந்ததும் மறுபடியும் ரயில் தடம். இங்கே ஓடியது க்ராம்ஃபோர்ட் அண்ட் ஹை பீக் ரயில், 1831இல் முழுமையாகத் திறக்கப்பட்டது. இரண்டு கால்வாய்களை மலைக்கு மேலாக இணைக்க வந்த இந்த ரயிலின் பெட்டிகளை, சரிவுகளில் நிலையான நீராவி இன்ஜின் வைத்துச் சங்கிலியாலும் கம்பி வடத்தாலும் இழுத்தார்கள். அத்தகைய 1829ஆம் ஆண்டு இன்ஜின் ஒன்று மிடில்டன் டாப்பில் இன்றும் நிற்கிறது. கால் வலு மிச்சமிருந்தால் அதுவரை போய், வழியில் பதினான்குக்கு ஒன்று என்ற ஹாப்டன் சரிவில் இறங்கி, திரும்பும்போது அதற்கான விலையைக் கொடுத்து ஏறி வரலாம். இல்லையென்றால் மோனியாஷ் ஊர் வழியாகச் சிறு சாலைகளில் பேக்வெல்லுக்குத் திரும்பினால் வட்டம் 40 கிலோமீட்டருக்குச் சற்று மேல் வரும். மோனியாஷில் வரைபடம் ஆசை காட்டும்: லாத்கில் டேல் என்ற அழகான பள்ளத்தாக்கு நேராகப் பேக்வெல் திசையில் இறங்குகிறது. ஆனால் அதில் ஓடுவது குட்டிக் கோடு. சைக்கிளை வீட்டில் வைத்துவிட்டு வேறொரு நாள் நடந்து போக வேண்டிய இடம் அது.

தெற்கே போனால் பாறை மாறுகிறது. வின்செஸ்டரிலிருந்து ஈஸ்ட்பர்ன் வரை 160 கிலோமீட்டர் ஓடும் சவுத் டவுன்ஸ் வே, நெடுகிலும் சைக்கிளுக்குத் திறந்திருக்கிறது. கடைசியில் செவன் சிஸ்டர்ஸ் கடற்பாறைகளின் மேலே போகும் கிளை மட்டுமே நடப்பவர்களுக்கானது, சைக்கிள் ஆல்ஃபிரிஸ்டன் வழியாக உள்ளே திரும்ப வேண்டும். அங்குள்ள பாறை, பள்ளிக்கூடத்துச் சாக்பீஸை நினைவூட்டும் சீமைச் சுண்ணாம்பு. கோடையில் அது வெள்ளைச் சிமென்டுத் தளம்போல ஓடும். நவம்பரிலோ பசையாகக் குழைந்து டயரில் ஏறி, சைக்கிளின் சட்டகத்துக்கும் சக்கரத்துக்கும் இடையே அப்பி, கடைசியில் சக்கரத்தைச் சுற்றவே விடாது. சுண்ணாம்புக்குள்ளே விளைகிற சிக்கிமுக்கிக் கல் அதைவிடப் பொல்லாதது, உடைந்தால் கத்தி.

இரண்டு கோடைகளுக்கு முன் அம்பர்லிக்கு மேலே உள்ள முகட்டிலிருந்து இறங்குகையில், பின் டயரின் பக்கச் சுவரை அந்தக் கத்தி விரல் நீளத்துக்குக் கிழித்தது. டியூப் இல்லாத அந்த டயருக்குள் இருந்த, ஓட்டையடைக்கும் வெள்ளைத் திரவம் கெண்டைக்காலில் பீறிட்டது. ரப்பர் திரியைச் செருகிப் பார்த்தேன், நிற்கவில்லை. உள்ளே டியூப் போடலாம், ஆனால் கிழிசல் வழியே அது பிதுங்கி வெடிக்கும். பையில் இருந்த ஐந்து பவுண்டு நோட்டு அப்போது கைகொடுத்தது. 2016 முதல் இந்த நோட்டைப் பிளாஸ்டிக்கில் அச்சிடுகிறார்கள். நான்காக மடித்துக் கிழிசலுக்கும் டியூபுக்கும் இடையே வைத்தால் கிழியாமல் தாங்குகிறது. காற்றைக் குறைவாக அடித்து, ஒவ்வொரு கல்லையும் தெய்வமாக நினைத்து விலகி, அம்பர்லி ரயில் நிலையம் வந்து சேர்ந்தேன். நோட்டை எடுத்துக் கழுவி, பிறகு அதைக் கொடுத்தே தேநீர் குடித்தேன்.

கருவிகளைப் பற்றி இவ்வளவு போதும்: 45 மில்லிமீட்டருக்குக் குறையாத டயர், பக்கச் சுவர் தடித்ததாக, மலையேற்றத்துக்குத் தாராளமான சிறு கியர். மற்றதெல்லாம் பேச்சுக்கு. 1955இல் லெம்ஸ்டர் ஊரின் மதுக்கடை ஒன்றில் கூடி, கரடுமுரடான பாதைகளில் ஓட்டுவதற்கென்றே ரஃப் ஸ்டஃப் ஃபெலோஷிப் என்ற சங்கத்தைத் தொடங்கியவர்கள், சாதாரணச் சைக்கிளோடுதான் மலைகளைக் கடந்தார்கள், வேண்டிய இடத்தில் தோளில் தூக்கிக்கொண்டு.

யார்க்ஷயர் டேல்ஸில் கில்ன்சியிலிருந்து மாலம் மேட்டுக்குப் போகும் மாஸ்டைல்ஸ் லேன், ஃபவுண்டன்ஸ் மடத்துத் துறவிகள் ஆடு ஓட்டிய வழி. இருபுறமும் சாந்தில்லாமல் அடுக்கிய சுவர்கள், நடுவில் புல்லும் சரளையும், ஆள் அரவமற்ற காற்று. எனக்கு வாய்த்ததிலேயே சிறந்த எட்டுக் கிலோமீட்டர் அது.

இத்தனை வழிகளும் ஏன் இப்படித் துண்டு துண்டாக இருக்கின்றன என்பதற்கு ஒரு பழைய காகிதக் காரணம் உண்டு. 1949ஆம் ஆண்டுச் சட்டம், எந்தப் பாதை எந்த வகை என்பதற்கு அதிகாரபூர்வ வரைபடம் தயாரிக்கச் சொன்னது. அதற்கான கணக்கெடுப்பில் பாதைகளை நடந்து பார்த்துக் குறித்துக் கொடுத்தவை பெரும்பாலும் ஊர் மன்றங்கள். ஒரு மன்றம் குதிரைவழி என்று எழுதியது. பக்கத்து மன்றம் அதே வழியை நடைவழி என்று எழுதியது. விளைவு, நல்ல குதிரைவழி ஒன்று ஊர் எல்லை வந்ததும் வயலின் நட்டநடுவே நின்றுவிடுகிறது. பதிவாகாத பழைய வழிகளைச் சேர்க்க 2000ஆம் ஆண்டுச் சட்டம் 2026 என்று கெடு வைத்தது. அது பின்னர் 2031க்குத் தள்ளிப்போனது. 2024 டிசம்பரில் அந்தக் கெடுவையே நீக்கப் போவதாக அரசு அறிவித்தது. விடுபட்ட வழிகளைப் பதிவு செய்வதற்காக ஆவணக் காப்பகங்களில் உட்கார்ந்து பழைய நில வரைபடங்களைப் புரட்டும் தன்னார்வலர்கள் இருக்கிறார்கள்.

அப்படி நின்றுபோகும் வழி ஒன்று நான் அடிக்கடி போகும் மேட்டில் இருக்கிறது. குதிரைவழியைக் குறிக்கும் நீலநிற அம்பு போட்ட கதவைத் தாண்டி அரை மைல் நன்றாக ஓடிய தடம், ஒரு சிற்றோடைக்கு அந்தப் பக்கம் நடைவழிக்கான மஞ்சள் அம்பாகிறது. தடமும் மாறவில்லை, கற்களும் மாறவில்லை. போன மாதமும் அங்கே இறங்கினேன். ஓடைக்கு அப்பால் வேலியைச் சரிசெய்துகொண்டிருந்த பெண் நிமிர்ந்து பார்த்தார். நான் சைக்கிளைப் பக்கத்தில் தள்ளிக்கொண்டு நடப்பதைக் கவனித்துவிட்டுத் தலையசைத்தார், மீண்டும் கம்பியை முறுக்கத் தொடங்கினார். தார்ச் சாலை வரும்வரை அறுநூறு மீட்டர் இருக்கும், நடந்தே போனேன்.