ஆறுக்கு எட்டில் ஒரு காட்டுக் குட்டை

அந்தியூரிலிருந்து பர்கூர் மலை ஏறுகிற பக்கம், காட்டை ஒட்டி நண்பனின் மாமாவுக்கு ஒரு தோட்டம் இருக்கிறது. சோலார் வேலிக்கு அந்தப் பக்கம் பத்தடி தள்ளி ஒரு குட்டை. யானை வந்து தண்ணீர் குடிக்கிற இடம் என்பதால் வேலியைத் தாண்டுகிற பேச்சே இல்லை. மோட்டார் ரூமை ஒட்டிய மேட்டில் ஸ்டூலைப் போட்டு, அங்கிருந்தே குட்டையை ஆயில் பெயின்டில் வரைவது என்று ஏற்பாடு.

பலகை சின்னதுதான். 6 அங்குலத்துக்கு 8 அங்குலம், எம்டிஎஃப் எனும் மரத்தூள் அட்டை. அடிப்பூச்சாக இரண்டு முறை ஜெஸ்ஸோ என்கிற வெள்ளை, அது காய்ந்ததும் டர்பன்டைனில் கரைத்த பர்ன்ட் சியன்னா என்கிற செம்பழுப்பைத் துணியால் தேய்த்துவிட்டேன். வெறும் வெள்ளையில் ஆரம்பித்தால் எந்த நிறத்தை வைத்தாலும் கருப்பாகத் தெரிந்து கை பயந்துவிடும்.

முதல் நாள் வரைந்ததைக் காட்ட மாட்டேன். ட்யூபிலிருந்த பச்சையை அப்படியே மரத்துக்கு வைத்து, தண்ணீருக்கு நீலம் அடித்திருந்தேன். மளிகைக்கடை காலண்டர் தோற்றது.

இரண்டாம் முறை பச்சை ட்யூபை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போனேன். அல்ட்ராமரின் நீலமும் லெமன் யெல்லோவும் கலந்து, கூடவே பர்ன்ட் சியன்னா துளி சேர்த்தால் நம்ம ஊர்க் காட்டின் தூசி படிந்த பச்சை வருகிறது. மரங்கள் தேறின. கரையில் நிற்கும் நீர்மருதின் வெளிறிய அடிமரம்கூட நன்றாக வந்தது. அந்த சந்தோஷத்தில் கரையில் உள்ள எல்லாவற்றையும் அதே நிறத்தில், அதே அழுத்தத்தில் தலைகீழாகத் தண்ணீரிலும் வரைந்து வைத்தேன். மாமா வந்து எட்டிப் பார்த்தார்.

"ஏனுங்க தம்பி, மரத்தத் தண்ணிக்குள்ளயும் நட்டு வெச்சுட்டீங்களாட்ட இருக்குது?"

சரியாகத்தான் சொன்னார். படத்தில் தண்ணீரே இல்லை.

மூன்றாம் முறை போனபோது முதல் கால் மணி நேரம் தூரிகையைத் தொடவில்லை. கண்ணைச் சுருக்கி வைத்துக்கொண்டு குட்டையை மட்டும் பார்த்தேன். இருட்டான புதர், தண்ணீரில் கொஞ்சம் வெளுத்துத் தெரிகிறது. வெளிறிய மருத மரமோ தண்ணீரில் ஒரு படி மங்கலாகிவிடுகிறது. வானமும் அப்படித்தான், மேலே இருப்பதைவிடக் கீழே சற்று அடர்த்தி. அதாவது இரண்டு முனைகளும் நடுவை நோக்கி நகர்ந்துவிடுகின்றன. இன்னொன்றும் பிடிபட்டது. தண்ணீரில் தெரிவது கரை மரத்தின் நகல் இல்லை; தண்ணீர் மட்டத்திலிருந்து அண்ணாந்து பார்த்தால் எப்படி இருக்குமோ அந்த மரம். கிளைகளின் அடிப்பக்கம் அதிகம் தெரியும், கரைமேட்டுக்குப் பின்னால் இருக்கிற புதர் தெரியாமலே போகும்.

மழை முடிந்த சமயம் என்பதால் தண்ணீர் செம்மண் கலங்கலாக இருந்தது. அதுவும் ஒரு பாடம். தெளிந்த தண்ணீரில் மரநிழல் அவ்வளவாக விழாது, பிம்பம்தான் தெரியும். கலங்கல் தண்ணீரில் நிழல் தரையில் விழுவதுபோலவே விழுகிறது. எதிர்க்கரைப் பக்கம் பார்வை படுக்கையாகப் போவதால் அங்கே முழுக்கப் பிம்பம். என் பக்கம் வர வர மண் நிறம் மேலே ஏறி, பிம்பம் கரைந்துபோகிறது. இந்த மாற்றத்தை ஒரே ஈரத்தில், பெயின்ட் காய்வதற்குள் செய்ய வேண்டியிருந்தது. யெல்லோ ஓக்கர் என்கிற மண் மஞ்சளும் பர்ன்ட் சியன்னாவும் கலந்து கீழிருந்து மேலே, பச்சையை மேலிருந்து கீழே. இரண்டும் சந்திக்கிற இடத்தில் காய்ந்த தூரிகையால் ஒரே ஒரு இழுப்பு. இரண்டாவது இழுப்பு இழுத்தால் நிறமெல்லாம் கலந்து சேறு. எப்படித் தெரியும் என்றால், இழுத்தேன். சுரண்டிவிட்டு மறுபடி போட்டேன்.

ஏழு மணிக்கு உட்கார்ந்தவன் எட்டுக்குள் முடிக்கப் பார்த்தேன். வெயில் மருத மரத்தில் ஏறியதும் எல்லாமே மாறிவிடும். ஏழே முக்காலுக்கு பர்கூர் மாடு ஒன்று தண்ணீர் குடிக்க வந்தது, செம்மறை, சிவப்பில் வெள்ளைத் திட்டு. விட மனசில்லை, நாலு தீற்றலில் மாட்டைப் போட்டேன். நாய் மாதிரி இருந்தது. கத்தியால் சுரண்டி எடுத்தேன். பெயின்ட் போன இடத்தில் அடியிலிருந்த பர்ன்ட் சியன்னா தெரிய, ஓரத்தில் கொஞ்சம் வெள்ளை ஒட்டிக்கொண்டிருந்தது. நான் வரைந்த மாட்டைவிட அதுதான் மாடு மாதிரி இருந்தது. அப்படியே விட்டுவிட்டேன்.

வானத்தில் இரண்டு கொசு ஒட்டியிருக்கிறது, காய்ந்த பிறகு தட்டிவிடலாம். ஈரப் பலகையை ஸ்வீட் பாக்ஸுக்குள் வைத்து, மேல்மூடி ஒட்டாமல் இருக்க நாலு மூலையிலும் தீக்குச்சி குத்தி, பஸ்ஸில் மடியிலேயே வைத்துக் கொண்டுவந்தேன். பக்கத்து சீட்டுப் பாட்டி பவானி வரைக்கும் அந்தப் பெட்டியையே பார்த்துக்கொண்டு வந்தார்.