சித்தியின் மடிக்கணினிக்கு ஒரு மீட்பு வட்டு

2024 ஜனவரி 6, சனி

மன்னார்குடி. சித்தியின் மடிக்கணினியில் விண்டோஸ் எழவில்லை. பையிலிருந்த லினக்ஸ் (விண்டோஸுக்கு மாற்றான இயங்குதளம்) பென் டிரைவைச் செருகியதும் கணினி எழுந்தது, ஆனால் அதில் தமிழ் எழுத்துரு இல்லாததால் கோப்புறைப் பெயர்கள் எல்லாம் வெற்றுக் கட்டங்கள். ஓய்வு பெற்ற தமிழாசிரியர் அவர். எல்லாவற்றுக்கும் தமிழிலேயே பெயர் வைத்திருக்கிறார். "இதில் என் புறநானூற்றுக் குறிப்புகள் எது கண்ணா?" என்றார். என்னால் சொல்ல முடியவில்லை.

அதைவிடக் கவலை, வட்டு தன் உடல்நிலையைத் தானே சொல்லும் ஸ்மார்ட் அறிக்கை: படிக்க முடியாத செக்டர்கள் (வட்டின் சிறு பகுதிகள்) 40-ஐத் தாண்டிவிட்டன. இந்த நிலையில் கோப்பு கோப்பாக இழுத்தால் வட்டு இன்னும் சீக்கிரம் போய்விடும். முழு வட்டையும் டிடிரெஸ்க்யூ என்ற மீட்பு மென்பொருள் கொண்டு நகலெடுக்க வேண்டும். அது என் பென் டிரைவில் இல்லை, இங்கே இணையமும் இல்லை. கணினியை அணைத்து, நான் வரும்வரை தொடவே வேண்டாம் என்று கெஞ்சிவிட்டு வந்தேன்.

ஜனவரி 8

சொந்தமாகவே ஒரு மீட்பு வட்டு செய்கிறேன், பென் டிரைவிலிருந்தே கணினியை எழுப்பும் வகையில். டெபியன் 12 என்ற லினக்ஸ் வகை, அப்படிப்பட்ட வட்டைக் கட்டித்தரும் அதன் லைவ்-பில்ட் கருவி. வேண்டிய மென்பொருள்களை ஒரு கோப்பில் வரிக்கு ஒன்றாக எழுதினால் போதும்: டிடிரெஸ்க்யூ, தொலைந்த வட்டுப் பிரிவுகளை மீட்கும் டெஸ்ட்டிஸ்க், ஸ்மார்ட் கருவிகள், இலகுவான எக்ஸ்எஃப்சிஇ திரை, லோகித் தமிழ் எழுத்துரு. அந்தக் கடைசி வரிக்காகத்தான் இவ்வளவு பாடும். தன் கோப்பின் பெயரைத் தானே படிக்க முடியாதவரிடம் எதைக் காப்பாற்ற வேண்டும் என்று எப்படிக் கேட்பது?

வட்டுகள் தானாக மவுன்ட் ஆகும் (செருகியதும் திறந்துகொள்ளும்) வசதியை அணைத்துவிட்டேன். நோயுற்ற வட்டில் ஒரு எழுத்துகூடப் புதிதாகப் பதியக் கூடாது.

ஜனவரி 10

பட்டியலை மாற்றிய பின் பழைய கட்டுமானத்தைத் துடைக்காமல் மறுபடி ஓட்டியதில் ஒரு மாலை வீண். துடைத்துவிட்டுத் தொடங்கியதும் ஐஎஸ்ஓ (பென் டிரைவில் எழுத வேண்டிய வட்டுக் கோப்பு) வந்தது, 1.1 ஜிபி. மெய்நிகர் கணினியில் சோதித்தேன். கணினியைத் துவக்கும் இரு முறைகளான பழைய பயாஸ், புதிய யூஇஎஃப்ஐ இரண்டிலும் எழுகிறது.

சித்தியின் கணினியில் ஒரே ஒரு யூஎஸ்பி துளைதான் வேலை செய்கிறது. ஆகவே துவக்க வரியில் 'டூராம்' சேர்த்தேன். மீட்பு வட்டு முழுவதும் நினைவகத்தில் ஏறிவிடும். பென் டிரைவைப் பிடுங்கிவிட்டு அதே துளையில் வெளிவட்டைச் செருகலாம். அவருடைய 4 ஜிபி ரேமுக்கு இது தாங்கும்.

ஜனவரி 13

சித்தியுடையது 500 ஜிபி வட்டு. நகல் ஒரே பெரிய கோப்பாக 1 டிபி வெளிவட்டுக்குப் போகிறது. அதை எக்ஸ்ட்4 என்ற லினக்ஸ் கோப்பு அமைப்புக்கு மாற்றிவிட்டேன், ஃபேட்32 என்ற பழைய அமைப்பில் 4 ஜிபியைத் தாண்டிய கோப்பு நிற்காது. டிடிரெஸ்க்யூ முரண்டு பிடிக்கும் இடங்களைத் தாண்டி நலமானவற்றை முதலில் அள்ளுகிறது. அடம் பிடித்தவற்றுக்குப் பிறகு வருகிறது. இரவு 11 மணிக்கு மின்சாரம் போனது. பழைய பேட்டரி ஒரு நிமிடமும் தாங்கவில்லை. ஆனால் எதுவரை படித்தது என்பதை டிடிரெஸ்க்யூ தன் வரைபடக் கோப்பில் குறித்து வைத்திருந்தது. விட்ட இடத்திலிருந்தே தொடர்ந்தது.

ஜனவரி 14, போகி

படிக்க முடியாமல் போனது 36 கேபி மட்டும். நகலைப் படிக்க மட்டும் என்று திறந்தேன். சித்தி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு பெயராக உரக்க வாசித்தார்: 'புறநானூறு – பத்தாம் வகுப்பு', 'யாப்பு', 'அம்மா கடிதங்கள்'. அந்த 36 கேபி எந்தக் கோப்பில் விழுந்தது என்று இன்னும் தேட வேண்டும். அதுவரை பழைய வட்டைப் பேப்பரில் சுற்றி, தேதி எழுதி, அலமாரியின் மேல்தட்டில் வைத்திருக்கிறேன்.