வெட்டுப்புள்ளியும் கோடைப் பள்ளியும்

லண்டனின் வடமேற்குப் பகுதியில் ஓர் அரசுப் பள்ளியில் இரசாயனம் படிப்பிக்கிறேன். உயர்தர வகுப்புப் பிள்ளைகளின் பல்கலைக்கழக விண்ணப்பங்களைப் பார்க்கும் பொறுப்பும் என்னிடம்தான். இந்தப் பொறுப்பில் பெற்றோர் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. ஒரே பல்கலைக்கழகம், ஒரே பாடம், ஒரே வகுப்பில் இருக்கும் இரண்டு பிள்ளைகள். ஒருவரிடம் ஒரு புள்ளியும் மற்றவரிடம் அதைவிடக் குறைந்த புள்ளியும் ஏன் கேட்கிறார்கள்?

இங்கே ஏ லெவல் என்ற உயர்தரப் பரீட்சையின் பெறுபேறு வருவதற்கு முன்பே விண்ணப்பம் போய்விடும். ஆசிரியர்கள் எதிர்பார்க்கும் புள்ளியைப் பார்த்து, 'இவ்வளவு எடுத்தால் இடம் உண்டு' என்று பல்கலைக்கழகம் நிபந்தனையோடு பதில் அனுப்பும். ஓகஸ்ட் நடுவில் ஒரு வியாழக்கிழமை காலையில் அந்த நிபந்தனை நிறைவேறியதா என்பது தெரியவரும். வசதி குறைந்த சூழலில் இருந்து வரும் பிள்ளைக்கு அந்த நிபந்தனையை ஒன்றிரண்டு படி இறக்கிக் கொடுக்கும் திட்டங்கள் பல பல்கலைக்கழகங்களில் உண்டு. லண்டன் கிங்ஸ் கல்லூரி மருத்துவத்துக்கு மூன்று பாடங்களில் வழக்கமாகக் கேட்பது ஏ ஸ்டார், ஏ, ஏ. ஏ ஸ்டார்தான் மிக உயர்ந்த படி. அங்கே 2001இல் தொடங்கிய ஆறாண்டு மருத்துவப் படிப்புக்கு ஏ, பி, பி போதும். முதற்கட்டப் பாடங்களைக் கூடுதல் காலம் எடுத்து, கூடுதல் துணையோடு படிப்பிக்கிறார்கள். முடிவில் கிடைப்பது அதே மருத்துவப் பட்டம்தான். லீட்ஸ் பல்கலைக்கழகத்தின் 'அக்செஸ் டு லீட்ஸ்' திட்டத்தில் பொதுவாக இரண்டு படி இறக்குவார்கள். ஆனால் அதற்கென்று தரப்படும் ஒரு பாட அலகைப் பிள்ளை முடித்துக் கொடுக்க வேண்டும்.

பல்கலைக்கழகங்கள் இதைத் தாமாக மனம் இரங்கிச் செய்யத் தொடங்கின என்று நான் சொல்ல மாட்டேன். 2004ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, 2006இலிருந்து கூடுதல் கட்டணம் அறவிட விரும்பிய ஒவ்வொரு பல்கலைக்கழகமும், வசதி குறைந்த பிள்ளைகளைச் சேர்க்க என்ன செய்யப்போகிறது என்று அரசுக்கு எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது. அதே 2004இல் ஸ்டீவன் ஷ்வார்ட்ஸ் தலைமையிலான குழு, புள்ளியோடு சேர்த்து அந்தப் புள்ளி எந்தச் சூழலில் எடுக்கப்பட்டது என்பதையும் பார்ப்பது நியாயமே என்று அறிக்கை கொடுத்தது.

எங்கள் பள்ளியில் ஈழத்தமிழ்ப் பிள்ளைகள் நிறையப் பேர். அவர்களின் பெற்றோரிடம் இதை விளக்குவது மற்றவர்களுக்கு விளக்குவதைப் போன்றதல்ல. ஒரு தகப்பன், பெற்றோல் நிலையத்தில் இரவு வேலை முடித்து நித்திரை இல்லாத கண்ணோடு வந்தவர், மகனுக்கு வந்த கடிதத்தை மேசையில் விரித்து வைத்துக் கேட்டார்.

"ரீச்சர், என்ர பெடியன் கெட்டிக்காரன். அவனுக்கு ஏன் குறைச்சுக் குடுக்கினம்? நாங்கள் பிச்சையே கேட்டனாங்கள்?"

நான் பதில் சொல்லத் தொடங்குமுன் அவரே தொடர்ந்தார். "அங்க எங்களுக்கு வெட்டுப்புள்ளியைக் கூட்டினவங்கள். இஞ்ச குறைக்கிறாங்கள். ஆளைப் பாத்துப் புள்ளி போடுறது எண்டால் எனக்கு இரண்டும் ஒண்டுதான். என்ர பெரியண்ணைக்கு இஞ்சினியரிங் கிடைக்காமல் போனதும் இதாலதான்."

தரப்படுத்தல் என்ற சொல்லை அவர் சொல்லவே இல்லை. சொல்ல வேண்டிய தேவையும் இல்லை. இலங்கையில் 1971இல் தமிழ் மொழிமூலம் எழுதியவர்களுக்கு மருத்துவத்துக்கும் பொறியியலுக்கும் கூடுதல் புள்ளி வேண்டும் என்றார்கள். 1974இல் மாவட்ட ஒதுக்கீடு வந்தது. யாழ்ப்பாணத்தில் ஒவ்வொரு தெருவிலும் அந்தக் கணக்கில் இடம் இழந்த ஒருவர் இருந்தார். அந்தக் காயத்தோடு வளர்ந்த வீடுகளுக்கு, சூழல் பார்த்துப் புள்ளி மாறும் என்ற பேச்சே கசக்கும். அந்தக் கசப்பை நான் மதிக்கிறேன். எங்கள் வீட்டிலும் அது இருந்தது.

ஆனால் அவரிடம் வேறொன்றையும் சொன்னேன். 1971இல் எந்தப் பிள்ளையின் வறுமையையும் யாரும் பார்க்கவில்லை. விடை எழுதிய மொழியைத்தான் பார்த்தார்கள். கொழும்பில் காரில் பள்ளிக்குப் போன சிங்கள மொழிமூலப் பிள்ளைக்கும் அதே குறைந்த வெட்டுப்புள்ளி. வன்னியில் வயல் வேலை செய்துகொண்டே படித்த தமிழ்ப் பிள்ளைக்கும் அதே கூடிய வெட்டுப்புள்ளி. இன்று இலங்கையில் கலைப்பிரிவு தவிர்ந்த பெரும்பாலான பாடங்களில் 40 வீத இடம் நாடளாவிய திறமைக்கு, 55 வீதம் மாவட்டத்துக்கு, 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு மேலதிகமாக. முல்லைத்தீவிலும் மன்னாரிலும் இருந்து மருத்துவம் படிக்கப் போகும் பிள்ளைகள் பலர் இந்த ஏற்பாட்டால்தான் போகிறார்கள். அதைப் பிச்சை என்று நாம் யாரும் சொல்வதில்லை. அவர் யோசித்தார். "அது சரி," என்றார். முழுதாக ஒத்துக்கொண்டார் என்று எனக்குப் படவில்லை.

அவருடைய மகன் எப்படிப் படித்தான் என்பது எனக்குத் தெரியும். இரண்டு அறை வீட்டில் மூன்று பிள்ளைகள். பகலில் தகப்பன் தூங்க வேண்டும் என்பதால் வீட்டில் சத்தம் போடக் கூடாது, படிக்க மேசையும் கிடையாது. நூலகம் பூட்டும்வரை அங்கேயே இருப்பான். சனி ஞாயிறுகளில் மாமாவின் கடையில் நிற்பான். 16 வயதுப் பரீட்சைக்கு முந்திய ஆண்டில் அவன் வகுப்புக்குப் பௌதிகத்துக்கு நிரந்தர ஆசிரியரே இல்லை. மாறி மாறி வந்த தற்காலிக ஆசிரியர்களில் சிலர் வேறு பாடக்காரர்கள். அப்படிப் படித்து அவன் எடுக்கும் ஒரு பி, எட்டுப் பேர் வகுப்பில் வாரம் ஒரு தனி ரியூசனோடு இன்னொரு பிள்ளை எடுக்கும் ஏ ஆகியவற்றில் எது பெரிய திறமை? இது என் உணர்ச்சிப் பேச்சு மட்டும் அல்ல. இங்கிலாந்தின் உயர்கல்வி நிதிச் சபை 2014இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே ஏ லெவல் புள்ளியோடு நுழைந்தவர்களில் அரசுப் பள்ளியில் படித்தவர்களே தனியார் பள்ளியில் படித்தவர்களைவிட நல்ல வகுப்பில் பட்டம் பெறும் வாய்ப்புக் கூடியவர்கள் என்று கண்டார்கள். புள்ளியை இறக்குவது சலுகை என்று சொல்பவர்களிடம் நான் இதைத்தான் எடுத்துக் காட்டுவேன். பிழையாக நிறுக்கும் தராசைத் திருத்தி நிறுக்கிறார்கள், அவ்வளவுதான்.

இருந்தாலும் இறக்கிய புள்ளி மட்டும் ஒரு பிள்ளையைப் பல்கலைக்கழகத்துக்குக் கொண்டுபோகாது. விண்ணப்பித்த பிள்ளைக்குத்தான் அந்தக் கடிதம் வரும். என் அனுபவத்தில் அதிகமான பிள்ளைகளை நாங்கள் இழப்பது விண்ணப்பத்துக்கு முன்னால். 'அது எங்களைப் போன்ற ஆட்களுக்கு இல்லை' என்று 16 வயதில் முடிவெடுத்துவிடுகிறார்கள். அந்த முடிவை மாற்றுவதில் கோடைப் பள்ளிக்கு ஈடான ஒன்றை நான் பார்க்கவில்லை. சட்டன் டிரஸ்ட் என்ற அமைப்பை நிறுவிய பீட்டர் லாம்பல் 1997இல் ஆக்ஸ்ஃபோர்டில் முதல் கோடைப் பள்ளியை நடத்தினார். இன்று பல பல்கலைக்கழகங்களில் அவை நடக்கின்றன. ஆக்ஸ்ஃபோர்ட் தானே 2010 முதல் 'யூனிக்' என்ற பெயரில் ஒன்றை நடத்துகிறது. பள்ளியின் கடைசிக்கு முந்திய ஆண்டான 12ஆம் ஆண்டு முடியும் கோடையில், மாணவர் விடுதியில் சில நாள்கள் தங்கிப் படிக்கலாம். சாப்பாடு, தங்குமிடம், பயணம் எதற்கும் பிள்ளை காசு கட்ட வேண்டியதில்லை.

ஒரு மாணவிக்கு வடக்கே ஒரு பல்கலைக்கழகத்தில் இரசாயனக் கோடைப் பள்ளி கிடைத்தது. தாய் விடவில்லை. "பொம்பிளைப் பிள்ளை, அவ்வளவு தூரத்தில ராவில எப்பிடி ரீச்சர்?" அவர் கேட்டதில் பிழை ஏதும் இல்லை. பல்கலைக்கழகத்துக்குத் தொலைபேசி எடுத்து, பெண்பிள்ளைகளுக்குத் தனி மாடியா, இரவில் பொறுப்பாக யார், சைவச் சாப்பாடு உண்டா என்று ஒவ்வொன்றாகக் கேட்டுத் தமிழில் எழுதிக் கொடுத்தேன். போன கிழமையே கையொப்பம் போட்டுக் கொடுத்திருக்கலாமே என்று அவரே பிறகு சொன்னார்.

ஏ லெவல் இரசாயனத்தில் அகச்சிவப்பு நிறமாலை என்று ஒரு பகுதி வரும். வினாத்தாளில் வளைந்து வளைந்து போகும் ஒரு கோட்டை அச்சடித்திருப்பார்கள். 1,700க்கு அருகே ஆழமாக விழும் பள்ளத்தைக் கண்டால் கார்பனைல், அதாவது கார்பனும் ஒட்சிசனும் இரட்டைப் பிணைப்பில் சேர்ந்த தொகுதி, என்று எழுத வேண்டும். எங்கள் பள்ளியில் அந்தக் கருவி கிடையாது. பெரும்பாலான பள்ளிகளில் கிடையாது. படத்தைப் பார்த்துப் பாடமாக்குவதோடு சரி. அந்தக் கோடைப் பள்ளியில் அவள் காலையில் அஸ்பிரின் செய்தாள், வடிகட்டிக் காயவைத்தாள், பின்னேரம் அந்தத் தூளில் கொஞ்சத்தைக் கருவியில் வைத்து அழுத்தினாள். கணினித் திரையில் அந்தப் பள்ளம் விழுந்தது. அந்தத் தாளை மடிக்காமல் பிளாஸ்டிக் உறையில் போட்டு எனக்குக் கொண்டுவந்து காட்டினாள். "மிஸ், இது நான் செய்தது. நான் செய்ததிலேயே வருகுது."

அவளுக்கு அதைவிடப் பெரிதாகப் பட்டது இன்னொன்று. வழிகாட்ட நின்ற இரண்டாம் ஆண்டு மாணவி, தானும் இறக்கிய புள்ளியில்தான் வந்தேன் என்று எல்லோர் முன்னிலையிலும் சொல்லியிருக்கிறாள். எந்த ஆசிரியர் சொன்னாலும் அந்தப் பேச்சுக்கு அந்தப் பலம் வந்திருக்காது. அதுவரை வீட்டுக்குப் பக்கத்தில் போய்வரக்கூடிய இடங்களை மட்டும் எழுதியிருந்தவள், பட்டியலைக் கிழித்துவிட்டுப் புதிதாக எழுதினாள். கோடைப் பள்ளியை முடித்தவர்களுக்குப் பல இடங்களில் புள்ளியையும் இறக்குகிறார்கள். அவளுக்கும் அப்படித்தான் இடம் கிடைத்தது.

இந்த ஏற்பாட்டில் கோபம் வரும் இடங்களும் உண்டு. யார் வசதி குறைந்தவர் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? நீண்ட காலம் பல பல்கலைக்கழகங்கள் நம்பியது 'போலார்' என்ற அளவீட்டை. ஒரு பகுதியில் எத்தனை இளைஞர் பல்கலைக்கழகம் போகிறார்கள் என்று பார்த்து எல்லாப் பகுதிகளையும் ஐந்து பிரிவாகப் பிரிப்பார்கள். லண்டனில் ஏழை வீட்டுப் பிள்ளைகளும் நிறையப் பேர் பல்கலைக்கழகம் போகிறார்கள். அதனால் இருபது மாடிக் கட்டடத்தில் ஈரச் சுவரோடு வாழும் பிள்ளையின் போஸ்ட்கோட்கூட 'நன்றாகப் போகும் பகுதி' என்று வரும். கீழ்ப்பிரிவில் லண்டன் முகவரிகள் மிகக் குறைவு. இலங்கையின் மாவட்டக் கணக்கில் உள்ள அதே குறை இது. மாவட்டத்துக்கு வறுமை இருக்கலாம், அதற்குள் இருக்கும் ஒவ்வொரு வீட்டுக்கும் இருக்காது. வறிய வீட்டைத் தேட வேண்டும் என்றால் வீட்டைத்தான் பார்க்க வேண்டும். இப்போது பள்ளியில் இலவச உணவு பெற்றவரா என்று பார்ப்பது கூடியிருக்கிறது. அது நல்லது. ஆனால் 2018இல் இங்கிலாந்தில் அதற்கு வைத்த வரம்பு, உழைப்பில் கைக்கு வரும் வருமானம் ஆண்டுக்கு 7,400 பவுண். இரண்டு இடங்களில் வேலை செய்து அதைச் சற்றுத் தாண்டிய குடும்பம் எந்தப் பட்டியலிலும் வரவில்லை. பல்கலைக்கழகம் பார்த்த பெற்றோரா என்று ஒரு கேள்வி. யாழ்ப்பாணத்தில் பட்டம் எடுத்து, இங்கே முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை செய்யும் தாய் 'ஆம்' என்றுதான் எழுத வேண்டும். எழுதினால் பிள்ளை அந்தக் கட்டத்தை இழக்கும். அந்தத் தாயின் பட்டம் இந்த நாட்டில் அவருக்கு ஒரு கதவைக்கூடத் திறக்கவில்லை. அதைக் கேட்க ஒரு கட்டமும் விண்ணப்பத்தில் இல்லை.

2020 ஓகஸ்டை நான் மறக்க மாட்டேன். கொரோனாவால் பரீட்சை நடக்கவில்லை. ஆசிரியர்கள் கொடுத்த புள்ளியை ஒரு கணிப்புமுறை திருத்தியது. 13ஆம் தேதி பெறுபேறு வந்தபோது இங்கிலாந்தில் ஏறத்தாழ 40 வீதப் புள்ளிகள் ஆசிரியர் கொடுத்ததைவிடக் குறைந்திருந்தன. அந்தக் கணிப்பு முக்கியமாகப் பார்த்தது பள்ளியின் பழைய பெறுபேறுகளை. பள்ளி முன்பு நன்றாகச் செய்யாவிட்டால் இன்றைய கெட்டிக்காரனுக்கும் வெட்டு. மிகச் சிறிய வகுப்புகளுக்கு ஆசிரியர் புள்ளி அப்படியே நின்றது. அப்படிச் சிறிய வகுப்புகள் அதிகம் இருப்பது தனியார் பள்ளிகளில். பள்ளி பலவீனமானது என்பதால் பிள்ளையின் புள்ளிக்குக் கூடுதல் மதிப்புக் கொடுப்பது ஒரு நியாயம். அதே காரணத்தைக் காட்டிப் பிள்ளையின் புள்ளியைப் பறித்தால்? அன்று காலை எங்கள் மண்டபத்தில் அழுத பிள்ளைகளுக்கு அது நன்றாக விளங்கியது. 17ஆம் தேதி அரசு பின்வாங்கி ஆசிரியர் புள்ளிகளைத் திருப்பிக் கொடுத்தது. அதற்குள் சிலர் கிடைத்த வேறு இடத்தைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள்.

பல்கலைக்கழகங்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு பெயர், ஒவ்வொரு பட்டியல், ஒவ்வொரு கடைசித் தேதி என்று இருப்பதை நிறுத்துங்கள். ஒரு திட்டத்தில் தகுதி பெறும் பிள்ளை இன்னொன்றில் தகுதி பெறுவதில்லை. அதைக் கண்டுபிடிக்க இணையத்தில் மணிக்கணக்காகத் தேட ஆள் உள்ள வீட்டுக்குத்தான் பயன். ஸ்கொட்லாந்தில் இதற்கு ஒரு வழி செய்திருக்கிறார்கள். வழக்கமான புள்ளியையும், வசதி குறைந்த சூழலில் இருந்து வருபவர்களுக்கான குறைந்தபட்சப் புள்ளியையும் பக்கத்தில் பக்கத்தில் வெளியிடுகிறார்கள். பிள்ளை பார்த்தவுடனே தனக்கு எது என்று தெரிந்துகொள்ளலாம். இங்கிலாந்திலும் இதைச் செய்யப் பெரிய செலவு ஆகாது.

கோடைப் பள்ளி விண்ணப்பங்கள் பெரும்பாலும் புத்தாண்டை ஒட்டித் திறந்து, சில வாரங்களில் மூடிவிடும். 12ஆம் ஆண்டுப் பிள்ளை உள்ள வீடுகளில் நத்தார் விடுமுறையிலேயே பாருங்கள். பள்ளியில் பல்கலைக்கழக விண்ணப்பத்துக்குப் பொறுப்பானவர் யார் என்று கேட்டு, இலவச உணவு, போஸ்ட்கோட், பெற்றோர் படிப்பு மூன்றையும் அவரிடம் சொல்லி, எந்தெந்தத் திட்டத்துக்குப் பிள்ளை தகுதி என்று ஒரு பட்டியல் கேளுங்கள். மகளை இரவு தங்க விடுவது பற்றிய கேள்விகளையும் அவரிடமே கேளுங்கள். பதில் எடுத்துத் தருவது அவருடைய வேலைதான்.