கொடுமுடி மணலும் புதுச்சேரிக் கல்லும்

ஆடிப்பெருக்கு கழிந்த அடுத்த வாரம் குடும்பத்தோடு புதுச்சேரி போயிருந்தோம். பையன் கடலைப் பார்ப்பது அதுதான் முதல் தடவை. மணலில் வீடு கட்டுவதற்கென்று என் பழைய சின்னக் கரண்டி ஒன்றைப் பையில் எடுத்து வைத்திருந்தான். கடற்கரைச் சாலையில் போய் நின்றால் சாலைக்குக் கீழே கருங்கல் குவியல், அதைத் தாண்டித் தண்ணீர். நாங்கள் நின்ற இடத்தில் எல்லாம் கல்தான்.

"ஏனுங்ப்பா, மணலே காணோம்?" என்றான்.

எனக்குச் சொல்லத் தெரியவில்லை. கொடுமுடிப் பக்கம் இருபத்திரண்டு வருடமாகக் கட்டட மேஸ்திரியாக இருக்கிறேன். மணலை உள்ளங்கையில் வைத்துத் தேய்த்தால் போதும், பூச்சுக்கு ஆகுமா, கான்கிரீட்டுக்கு ஆகுமா என்று சொல்லிவிடுவேன். ஆனால் ஒரு ஊர்க் கடற்கரையில் மணல் ஏன் இல்லை என்று யோசித்ததே கிடையாது. பக்கத்தில் சுண்டல் வாங்கிக்கொண்டிருந்த வயதான மீனவர் ஒருவர்தான் சொன்னார்: "தெக்கால ஆத்து வாயில துறைமுகத்துக்கு ரெண்டு பக்கமும் கல்லு கொட்டினாங்க தம்பி. வர்ற மணலு அங்கயே நின்னு போச்சு."

மணல் வருமா? எங்கிருந்து? அந்த ஒரு சொல்லுக்காகவே மறுநாள் காலையில் ஆற்று வாய்க்குத் தெற்கே இருக்கும் வீராம்பட்டினத்துக்குப் போனோம். அங்கே மணல் அகலமாகப் பரந்து கிடந்தது. பையன் ஒரு தேங்காய் மட்டையைத் தண்ணீரில் எறிந்தான். நான் சும்மா பார்த்துக்கொண்டிருந்தேன். அலை கரைக்கு நேராக வரவில்லை. தென்கிழக்கிலிருந்து சாய்வாக வந்து, மட்டையைச் சாய்வாகவே மேலே ஏற்றியது. திரும்பும்போது நேராகச் சரிவில் இறங்கியது. அடுத்த அலை மறுபடி சாய்வாக ஏற்றியது. ரம்பப் பல்லை வரைந்தால் எப்படி இருக்கும், அப்படி ஏறி இறங்கி, நாங்கள் ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் மட்டை வடக்கே நாற்பது எட்டு போயிருந்தது. மட்டைக்கு நடப்பதுதான் ஒவ்வொரு மணல் துகளுக்கும் நடக்கிறது. அலை உடையும் இடத்தில் கரையை ஒட்டியே ஓடும் நீரோட்டமும் மணலை இழுத்துக்கொண்டு போகிறது.

வீட்டுக்கு வந்த பிறகு தேடித் தேடிப் படித்தேன். நம் கிழக்குக் கரையில் தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் மணல் வடக்கே போகிறது. ஐப்பசிக்குப் பிறகு வாடைக்காற்று அடிக்கும் நாட்களில் திருப்பித் தெற்கே வருகிறது. போவது அதிகம், வருவது குறைவு. வருடக் கணக்குப் பார்த்தால் வடக்கேதான். அதாவது கரையோரமாக இன்னொரு ஆறு ஓடுகிறது, தண்ணீருக்குப் பதில் மணல் ஓடும் ஆறு. அதன் குறுக்கே கல்லைக் கொட்டினால் தெற்கே சேரும், வடக்கே அரிக்கும். காளிங்கராயன் வாய்க்காலில் ஒரு கல்லைப் போட்டால் அந்தப் பக்கம் என்ன ஆகும் என்று எங்கள் ஊரில் நீர் பாய்ச்சுகிறவர் யாரைக் கேட்டாலும் சொல்வார். புதுச்சேரியில் அந்தக் கல் விழுந்தது 1980களின் கடைசியில்.

சென்னையில் அதற்கும் நூறு வருடம் முன்பே நடந்திருக்கிறது. 1876-ல் துறைமுகம் கட்ட ஆரம்பித்தார்கள். அதற்கு முன் கோட்டைச் சுவருக்குப் பக்கத்திலேயே கடல் இருந்தது. துறைமுகத்துக்குத் தெற்கே மணல் சேர்ந்து சேர்ந்துதான் இன்றைய மெரினா அவ்வளவு அகலமாயிற்று. வடக்கே ராயபுரம், திருவொற்றியூர் பக்கம் கடல் தின்றது, அங்கே கல் கொட்டினார்கள். மெரினாவில் நாம் உட்கார்ந்து சுண்டல் சாப்பிடும் மணல், வடசென்னைக்குப் போயிருக்க வேண்டிய மணல். இதைப் படித்தபோது மனசு கனத்துவிட்டது.

ஒன்று சொல்ல வேண்டும். கரை அரிப்பதெல்லாம் கேடு இல்லை. புயல் நாளில் பெரிய அலை கரையைச் சுரண்டி, மணலைக் கொஞ்ச தூரத்தில் கடலுக்கடியில் திட்டாகப் போட்டு வைக்கும். கடல் அடங்கிய மாதங்களில் சின்ன அலைகள் அதையே மெல்ல மெல்லக் கரைக்குத் திருப்பித் தள்ளும். வரும் வழியை அடைத்தால்தான் போனது திரும்புவதில்லை.

வீராம்பட்டினத்தில் ஒரு பாட்டில் மணல் எடுத்து வந்தேன். எங்கள் தொழிலில் ஒரு சோதனை உண்டு. பாட்டிலில் பாதி மணல், மேலே தண்ணீர், ஒரு சிட்டிகை உப்பு போட்டுக் குலுக்கி வைத்தால் வண்டல் தனியாக மேலே படியும், அளந்து பார்க்கலாம். ஆற்று மணலில் கொஞ்சமாவது வண்டல் நிற்கும். கடல் மணலில் மேலே நின்ற தண்ணீர் கொஞ்ச நேரத்திலேயே தெளிந்துவிட்டது. அலை ஓயாமல் அலசி, மண்ணையெல்லாம் ஆழத்துக்கு அனுப்பியிருக்கிறது. ஆற்று மணல் கையில் சுருக்கென்று குத்தும், இது வழவழவென்று இருந்தது. மற்றபடி இரண்டிலும் அதே வெள்ளைத் துகள்தான் அதிகம். எங்கள் காட்டில் ஏர் ஓட்டும்போது கிளம்புமே வெங்கச்சங்கல் என்கிற வெள்ளைக்கல், அதே சாதி.

மலையிலும் காட்டிலும் உடைந்த கல் மழையில் கரைந்து, பவானியிலும் நொய்யலிலும் அமராவதியிலும் உருண்டு காவிரிக்கு வந்து, காவிரியும் கொள்ளிடமும் கடலில் விட்ட பிறகு அலை அதை எடுத்துக்கொண்டு வடக்கே நடக்கிறது. தென்பெண்ணையும் கெடிலமும் தங்கள் பங்கைச் சேர்க்கின்றன. கடற்கரை கொங்கு நாட்டிலேயே தொடங்குகிறது என்று எனக்கு இத்தனை நாள் தெரியாது. மேட்டூர் அணை 1934-ல் வந்த பிறகு மேலிருந்து வரும் மணலில் பெரும்பங்கு அங்கேயே தங்கிவிட்டது. அணைக்குக் கீழே ஆற்றில் கிடந்ததை நாம் லாரியில் அள்ளினோம். நான் கட்டிய வீடுகளுக்கு எத்தனை லோடு இறக்கியிருப்பேன் என்று ஒரு ராத்திரி படுத்துக்கொண்டு எண்ணினேன். முந்நூறைத் தாண்டியதும் நிறுத்திவிட்டேன்.

புதுச்சேரியில் 2018-ஐ ஒட்டி தலைமைச் செயலகத்துப் பக்கம் கடலுக்கடியில் இரும்பில் ஒரு தடுப்புத் திட்டை இறக்கினார்கள். அங்கே கொஞ்சம் மணல் திரும்பியிருக்கிறது. தெற்கே தேங்கும் மணலை எடுத்து வடக்கே கொட்டுவதும் ஒரு வழி. ஆனால் ஒரு வருடம் செய்து விட்டுவிட முடியாது, மணல் ஓடும் வரை செய்துகொண்டே இருக்க வேண்டும். என்னைக் கேட்டால் கல் கொட்டுவதைவிட அதுதான் மேல்.

புதுச்சேரியிலிருந்து கிளம்பிய நாள் காலையில் மறுபடி வீராம்பட்டினம் போயிருந்தோம். பையன் அலை வந்து தொடும் இடத்தில் உள்ளங்கை அளவுக் கற்களைக் கரையிலிருந்து கடலைப் பார்த்து வரிசையாகப் பதித்தான். ஏழெட்டு அலை வந்து போனது. கல்வரிசையின் தெற்கே மணல் மேடிட்டது. வடக்கே குழி விழுந்து, அவன் நட்டு வைத்திருந்த கரண்டி சாய்ந்தது.

குந்தி உட்கார்ந்து கொஞ்ச நேரம் பார்த்தான். "கல்ல எடுத்துருட்டுங்களாப்பா?"

"எடு கண்ணு" என்றேன். நானும் இரண்டு கல் எடுத்தேன்.