கதையில் என்ன நீதி என்று யாரும் கேட்கவில்லை

"ஆங்கில இலக்கியம் படித்தால் என்ன வேலை கிடைக்கும்?" என்று எல்லோரும் கேட்கிறீர்களே, முதலில் அந்த வேலைக் கேள்வியை முடித்துவிடுகிறேன், இல்லாவிட்டால் பாதிப் பேர் அதைத் தெரிந்துகொள்ளவே கடைசிவரை படிப்பீர்கள். ஆங்கில இலக்கியப் பட்டத்தை மட்டும் வைத்துக்கொண்டு நேராகப் பள்ளி ஆசிரியர் ஆக முடியாது, அதற்குக் கல்வித்துறைப் பட்டமோ பட்டத்துக்குப் பிறகு தனிப் பயிற்சியோ வேண்டும். மற்றபடி பதிப்பகம், விளம்பரம், செய்தி, நிறுவனங்களுக்கு எழுதிக்கொடுக்கிற வேலை என்று ஆளுக்கொரு பக்கம் போகிறார்கள். நான் எங்கே போவேன் என்று எனக்கே இன்னும் தெரியாது. சரியா? கோயிலில் பார்க்கும்போது மறுபடியும் கேட்காதீர்கள், முக்கியமாக அம்மா பக்கத்தில் நிற்கும்போது.

பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியம் முதலாம் ஆண்டு முடிந்து இப்போது விடுமுறையில் கெடாவில் உள்ள எங்கள் ஊர் பீடோங்கில் இருக்கிறேன். எஸ்டிபிஎம் (ஆறாம் படிவத்தின் இறுதித் தேர்வு) எழுதப்போகிற பிள்ளைகள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒன்றுதான்: "அக்கா, அங்கே போகணும்னா இங்கிலீஷ் ரொம்ப நல்லா வரணுமா?" வரத்தான் வேண்டும். தமிழ்ப்பள்ளி, இடைநிலைப்பள்ளி, அப்புறம் ஆறாம் படிவம் என்று போன எனக்கு கோலாலம்பூர் பிள்ளைகள் பேசுகிற வேகமே முதலில் பயமாக இருந்தது. ஆனால் சிரமம் அதில் இல்லை. மூயெட் என்ற ஆங்கிலத் தகுதித் தேர்வில் நல்ல பேண்ட் (தரநிலை) வாங்கிக்கொண்டு வந்தவர்களும் எங்கள் வகுப்பில் திணறினார்கள், வீட்டிலேயே ஆங்கிலம் பேசி வளர்ந்தவர்கள் உட்பட. எதைப் படித்தாலும் அதில் ஒரு பாடத்தைத் தேடிப் பிடிக்கிற பழக்கம் நம்மிடம் ஊறிப்போயிருக்கிறது, அதை விடுவதுதான் பெரிய பாடாக இருந்தது.

யோசித்துப் பாருங்கள். நன்னெறிக்கல்வியில் என் அக்காள் காலத்தில் 36 நெறிகளை வரி பிசகாமல் ஒப்பிக்க வேண்டும், என் காலத்தில் அது 18 ஆகக் குறைந்தது. ஒரு சம்பவத்தைக் கொடுப்பார்கள், அதில் எந்த நெறி இருக்கிறது என்று எழுத வேண்டும். தமிழ்ப் பாடத்தில் செய்யுள், மொழியணி. கட்டுரை என்றால் முன்னுரை, மூன்று நான்கு கருத்து, நடுவில் ஒரு குறள், முடிவுரையில் "ஆகவே மாணவர்களாகிய நாம்". நான் இதைக் கேலி செய்யவில்லை, இதில் வளர்ந்ததால்தான் எனக்கு எழுதவே வந்தது. ஆனால் இந்தப் பழக்கத்தோடு ஒரு கவிதை வகுப்பில் போய் உட்கார்ந்தால் வாயைத் திறந்ததும் "காதல் அழியாதது என்று கவிஞர் உணர்த்துகிறார்" என்றுதான் வரும். விரிவுரையாளர் தலையாட்டிவிட்டு, "எந்த வரியில்?" என்பார். அவ்வளவுதான், பேச்சு நின்றுவிடும்.

எங்களுக்கு ஆரம்பத்திலேயே வந்தது ஷேக்ஸ்பியரின் பதினெட்டாம் சானெட் (பதினான்கு வரிப் பாட்டு), 1609ல் அச்சான தொகுப்பில் உள்ளது. உன்னை ஒரு கோடை நாளுக்கு ஒப்பிடட்டுமா என்று தொடங்கும். பீடோங்கில் வருஷம் முழுக்க வெயில், இங்கிலாந்துக் கோடை நமக்கு என்ன தெரியும் என்று ஒரு தயக்கம் இருந்தது. ஆனால் அந்தக் கோடை எப்படிப்பட்டது என்று பாட்டே சொல்கிறது: காற்று மே மாத மொட்டுகளை உலுக்குகிறது, சூரியன் சில சமயம் அதிகமாகக் காய்கிறது, சில சமயம் மங்குகிறது, பருவம் சீக்கிரம் முடிந்துவிடுகிறது. ஒன்பதாவது வரியில் "ஆனால்" என்று திரும்பி, உன் கோடை வாடாது என்கிறது. இதுவரை புரிந்துவிடும். அப்புறம் ஒரு கேள்வி வந்தது: இந்த ஆளின் கண் எப்படி, முடி எப்படி, குரல் எப்படி? பதினான்கு வரியிலும் தேடுங்கள், கிடைக்காது. பாராட்டப்படுகிற ஆளைப் பற்றி நமக்கு ஒன்றுமே தெரியவில்லை. கடைசி இரண்டு வரியில் மனிதர்கள் மூச்சுவிடும்வரை இந்தப் பாட்டு வாழும், அது உனக்கு உயிர் கொடுக்கும் என்று முடிகிறது. அப்படியென்றால் இது காதலியையோ காதலனையோ பற்றிய பாட்டா, இல்லை தன் திறமையைப் பற்றியே ஒரு கவிஞர் எழுதிக்கொண்ட பாட்டா? இதற்குச் சரியான விடை என்று எதுவும் இல்லை. இரண்டில் எதை எடுத்தாலும் வரிகளைக் காட்டி நிறுவ வேண்டும், எதிரில் இருக்கிறவர் மறுத்துப் பேச இடம் இருக்க வேண்டும். யாராலும் மறுக்கவே முடியாத ஒன்றைச் சொன்னால் அது ஒரு வாதமே இல்லை என்பார்கள். "காதல் உயர்ந்தது" என்பதை யார் மறுக்கப்போகிறார்கள்?

கட்டுரை எழுதுவதும் இதே கதைதான். மூயெட்டில் நீளமான கட்டுரை என்பது குறைந்தது 250 சொல், கையை ஓட்டினால் வந்துவிடும். இங்கே அதைப்போலப் பல மடங்கு எழுத வேண்டும், ஆனால் கதையைச் சுருக்கிச் சொல்லி இடத்தை நிரப்பக் கூடாது. படிக்கிறவருக்குக் கதை தெரியும் என்று வைத்துக்கொண்டு முதல் பத்தியிலேயே உங்கள் வாதத்தைப் போட்டு உடைத்துவிட வேண்டும். நான் இன்னும் கடைசிப் பத்திக்கு ஒரு அழகான முடிவுரையை மிச்சம் வைக்கிற ஆள்தான், அதை எழுதிவிட்டு அப்படியே தூக்கி முதல் பத்தியில் வைத்துவிடுவேன், பெரும்பாலும் சரியாக உட்கார்ந்துவிடும். மேற்கோள் காட்ட எம்எல்ஏ (MLA) என்ற முறை: அடைப்புக்குறிக்குள் ஆசிரியர் பெயர், பக்க எண், இரட்டை இடைவெளி, கடைசியில் நூல்பட்டியல். அது வெறும் வேலை, ஒரு மாலை உட்கார்ந்தால் பழகிவிடும். இலக்கியத்தைப் பற்றி நிகழ்காலத்தில்தான் எழுத வேண்டும் என்ற விதி நிறைய பேரைக் குழப்பியது, செத்து நானூறு வருஷம் ஆனவர் எப்படி "சொல்கிறார்" என்று. நமக்கு அதில் ஒரு சிரமமும் இல்லை, "வள்ளுவர் கூறுகிறார்" என்றுதானே சின்ன வயதிலிருந்து எழுதுகிறோம்.

யாப்பிலும் இதே சலுகை கிடைக்கும் என்று பார்த்தால் கிடைக்கவில்லை. வெண்பாவை அசை பிரித்துப் பழகியவர்களுக்கு ஐயாம்பிக் பென்டாமீட்டர் என்கிற ஆங்கில யாப்பு என்ன பெரிய விஷயம், வரிக்குப் பத்து அசை, எண்ணிவிடலாம் என்று நினைத்தேன். ஆனால் நம் நேரும் நிரையும் குறில் நெடிலில் நிற்பவை, ஆங்கிலத்தில் கணக்கு அழுத்தத்தில் இருக்கிறது. நாம் இங்கே பேசுகிற ஆங்கிலத்தில் எல்லா அசையும் ஏறக்குறைய ஒரே எடை, எதைத் தூக்கிச் சொல்கிறோம் என்று நம் காதுக்கே கேட்காது. அகராதியில் அழுத்தக்குறி பார்த்து, விடுதி அறையில் மேசையைத் தட்டித் தட்டிப் படித்தேன். அறைத்தோழி கணக்கியல் படிப்பவள், பாவம், பொறுத்துக்கொண்டாள்.

சரி, ஆங்கிலத்தில் எழுதிய மலேசிய எழுத்தாளர் கே. எஸ். மணியத்துக்கு வருகிறேன். நம் ஊர்ப் பிள்ளைகள் எத்தனை பேருக்கு இவரைத் தெரியும்? 1942ல் இதே பீடோங்கில் பிறந்தவர், சுங்கை பட்டாணியில் ஆங்கிலப் பள்ளிக்குப் போனவர், பிறகு மலாயாப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் கற்பித்தவர், 2020ல் காலமானார். 1981ல் வந்த அவருடைய 'தி ரிட்டர்ன்' நாவலில் ஒரு சலவைத் தொழிலாளியின் மகன் ஆங்கிலப் பள்ளியில் படித்து, ஆசிரியர் பயிற்சிக்கு இங்கிலாந்து போய்த் திரும்புகிறான். மலேசிய எழுத்து என்ற தலைப்பில் இது வந்தபோது வகுப்பில் எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். (ஏற்கெனவே பீடோங் பக்கம் ஹார்வர்ட் என்று ஒரு தோட்டம் இருப்பதைச் சொல்லி, நானும் ஹார்வர்ட்காரிதான் என்று அலட்டி வைத்திருந்தேன்.)

அந்த டுட்டோரியலில்தான் (சிறு குழுவாக உட்கார்ந்து விவாதிக்கிற வகுப்பு) "எந்த வரியில்?" என்ற கேள்வியோடு எனக்கு ஒரு சண்டை வந்தது. அப்பா சலவைத் தொழிலாளி என்றதும் மற்றவர்கள் வறுமையை எழுதினார்கள், வர்க்கத்தை எழுதினார்கள். நம் வீட்டில் இதைப் படித்திருந்தால் முதலில் சாதிதான் நினைவுக்கு வந்திருக்கும், யாரும் வாயால் சொல்லாமலே. தனக்கென்று ஒரு வீடு, ஒரு துண்டு நிலம் என்று அந்த அப்பா பிடிவாதமாக நிற்பதை ஒரு தோழி மனநோய் என்ற கோணத்தில் வாதிட்டாள், வரிகளைக் காட்டித்தான் வாதிட்டாள், நன்றாகவே செய்தாள். ஆனால் தோட்டத்தில் வேலை போனால் வீடும் போகும் என்பது அவளுக்குத் தெரியாது. என் பாட்டி காலம் முழுக்கப் பால்மரம் சீவியும் அவருக்கு அந்த லயத்தில் (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள்) ஓர் ஆணிகூடச் சொந்தமில்லை. ரப்பரை வெட்டிச் செம்பனை போட்டபோதும், செம்பனையை அழித்துத் தாமான் (வீடமைப்புப் பகுதி) கட்டியபோதும் எங்கள் உறவுகளில் ஒவ்வொரு குடும்பமாகச் சாமான் தூக்கியது. இது தெரிந்தவருக்கு அந்த அப்பா பைத்தியமாகத் தெரியமாட்டார். இது எந்தப் பக்கத்தில் இருக்கிறது? பக்கத்தில் இல்லை, பக்கத்தைப் படிக்கிறவரிடம் இருக்கிறது. விரிவுரையாளர் இதை மறுக்கவில்லை. தோட்டக் குடியிருப்பு வரலாற்றைப் பற்றிய நூல் ஒன்றைச் சான்றாகக் கொண்டுவா, பிறகு நாவலின் வரிக்கு வா என்றார். எனக்கு அது நியாயமாகப் பட்டது, கொஞ்சம் எரிச்சலாகவும் இருந்தது. என் பாட்டியை அடிக்குறிப்பில் போட முடியாதே.

ஆகவே எஸ்டிபிஎம் முடிந்த இடைவெளியில் என்ன செய்யலாம் என்று கேட்கிறவர்களுக்கு: சுருக்க நோட்டுகளை வாங்காதீர்கள். சாட்ஜிபிடி கட்டுரை எழுதித் தரும், ஆனால் டுட்டோரியலில் அடுத்த கேள்விக்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும், அந்த நேரத்தில் முகம் போகிற போக்கை நான் பார்த்திருக்கிறேன். ஒரு சிறுகதையை எடுத்து மெதுவாக, பென்சிலோடு படியுங்கள், புரியாத இடத்தில் கோடு போடுங்கள், புரிந்த இடத்தில் வேண்டாம். பழைய நூல்களுக்குக் காசு செலவழிக்க வேண்டியதில்லை, காப்புரிமை முடிந்தவை 'புராஜெக்ட் குட்டன்பர்க்' என்ற இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கும், ஷேக்ஸ்பியர் முழுவதும் அங்கே இருக்கிறது. மணியம் அங்கே கிடைக்கமாட்டார். என்னிடம் இருக்கிற பிரதி வேண்டுமென்றால் விடுமுறை முடிவதற்குள் வீட்டுப் பக்கம் வந்து வாங்கிக்கொள்ளுங்கள், ஓரமெல்லாம் என் கிறுக்கல்தான், அதை நம்பிக் கட்டுரை எழுதிவிடாதீர்கள்.