வடித்த கூலண்ட்டை அளந்து பாருங்கள்

ஏப்ரல் 15 அன்று கிழக்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கியதும், அந்த 61 நாட்களுக்குள் முடிக்க வேண்டிய விசைப்படகு வேலைகளில் நான் முதலில் எடுத்துக்கொள்வது இன்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலண்ட்டை மாற்றுவதைத்தான். படகைக் கரையேற்றுவதற்கு முன்பே இதை முடித்துவிடுவது நல்லது. புதிய கூலண்ட்டை ஊற்றியபின் இன்ஜினைச் சூடேறும்வரை ஓட்டிப் பார்க்க வேண்டும். கரையில் நிற்கும் படகில் கடல்நீர் பம்ப் நீரின்றி ஓடினால், அதற்குள் சுழன்று நீரைத் தள்ளும் ரப்பர் சக்கரமான இம்பெல்லர் சில நிமிடங்களில் கெட்டுவிடும்.

நம் ஊரில் தண்ணீர் உறைவதில்லையே, கூலண்ட் எதற்கு என்று துறைமுகத்தில் பலர் கேட்கிறார்கள். தண்ணீரை உறையாமல் காப்பது கூலண்ட்டின் ஒரு வேலைதான்; நமக்கு வேண்டியது அதில் கலந்திருக்கும் துருத்தடுப்பு வேதிப்பொருட்கள். டீசல் எரியும் ஒவ்வொரு முறையும், பிஸ்டன் ஓடும் இரும்பு உருளையான லைனர் அதிர்கிறது. அந்த அதிர்வில், அதன் வெளிப்புறத்தை ஒட்டிய நீரில் நுண்ணிய ஆவிக்குமிழிகள் தோன்றி, உடனே உடைந்து, இரும்பைச் சிறிது சிறிதாக அரித்தெடுக்கின்றன. வெறும் தண்ணீரிலேயே ஓடிய ஓர் இன்ஜினின் லைனரை நான் பார்த்திருக்கிறேன். அதன் வெளிச்சுவரின் ஒரு பக்கம் முழுவதும் ஊசியால் குத்தியது போன்ற குழிகள் இருந்தன. அவற்றில் ஒன்று உட்புறம்வரை துளைத்து, ஆயிலில் தண்ணீர் இறங்கியிருந்தது. நைட்ரைட் போன்ற தடுப்புப் பொருட்கள் லைனரின்மேல் மெல்லிய படலமாகப் படிந்து இந்த அரிப்பைத் தடுக்கின்றன. இன்ஜின் ஓட ஓட அவை தீர்ந்துபோகும். கூலண்ட்டின் நிறமோ அப்படியே இருக்கும்.

எங்கள் இன்ஜினின் கொள்ளளவு 32 லிட்டர். இரண்டு ஆண்டுகளுக்கு முன் வெளியாட்களை வைத்து மாற்றியபோது, கீழ் ஹோஸை மட்டும் கழற்றி வடித்துவிட்டுப் புதியதை ஊற்றிப் போனார்கள். இந்த முறை, இன்ஜின் நன்றாகக் குளிர்ந்தபின் மூடியைத் திறந்து, அதே ஹோஸைக் கழற்றி, வந்ததை நானே அளந்தேன். 23 லிட்டர்தான் வந்தது. இன்ஜினின் உடற்பகுதியான பிளாக்கின் பக்கவாட்டில், நீரை வடிப்பதற்கென உள்ள டிரைன் பிளக்கைக் கழற்றியபோது ஒரு சொட்டும் வரவில்லை. துளைக்குள் கம்பியை விட்டுக் குத்தியதும், செம்மண் குழம்பு போலத் துரு வழிந்து, அதன் பின்னால் 7 லிட்டர் பழைய நீர் கொட்டியது. பழையதில் வலு எதுவும் மிச்சமில்லை என்று கொண்டால், ஹோஸ் வழியே வராத 9 லிட்டரை உள்ளேயே விட்டுவிட்டு, தண்ணீரோடு பாதிக்குப் பாதி கலந்த கூலண்ட்டை 23 லிட்டர் ஊற்றும்போது, இன்ஜினுக்குள் கூலண்ட்டின் பங்கு 36 சதவீதம்தான். எவ்வளவு ஊற்றுகிறோம் என்பதைப் பார்க்கும் நாம், எவ்வளவு வந்தது என்பதைப் பார்ப்பதே இல்லை.

பிறகு நல்ல தண்ணீரை நிரப்பி, இன்ஜின் சூடேறியதும் நீரோட்டத்துக்கு வழிவிடும் வால்வான தெர்மோஸ்டாட் திறக்கும்வரை ஓட்டி, ஆறவிட்டு வடித்தேன். தெளிந்த நீர் வர இரண்டு முறை தேவைப்பட்டது. எப்படி வடித்தாலும் 2 லிட்டர் உள்ளே தங்கிவிடுவதால், முன்பே கலந்து விற்பதை வாங்காமல், தண்ணீர் கலக்காத கூலண்ட் 16 லிட்டரை முதலில் ஊற்றி, மீதி இடத்தை டிஸ்டில்டு வாட்டரால் நிரப்பினேன். கடலோர போர்வெல் தண்ணீரை ஒருபோதும் ஊற்றாதீர்கள். அதன் உப்பு சூடான இடங்களில் படிந்து வெப்பம் வெளியேறாமல் தடுத்துவிடும்.

இந்தச் சமயத்திலேயே கடல்நீர் வால்வை மூடிவிட்டு, கடல்நீரால் கூலண்ட்டைக் குளிர்விக்கும் ஹீட் எக்ஸ்சேஞ்சரில், குழாய்களுக்குப் பதிலாகத் தான் கரைவதற்கென வைத்திருக்கும் துத்தநாகக் குச்சியையும் கழற்றிப் பார்த்தேன். பாதி கரைந்திருந்ததால் புதியதைப் போட்டேன். அது முழுவதும் கரைந்துபோனால் கடல்நீர் அடுத்துக் குழாய்களை அரிக்கத் தொடங்கும். குழாயில் துளை விழுந்தால் உப்புநீர் கூலண்ட்டில் கலந்துவிடும்.

வடித்த கூலண்ட்டைப் படகின் அடியில் தேங்கவிட்டுக் கடலுக்குள் இறைப்பதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். அதிலுள்ள எத்திலீன் கிளைக்கால் இனிப்பாக இருப்பதால், கரையில் சிந்தினால் நாய்களும் பூனைகளும் நக்கிக் குடித்து, சிறுநீரகம் செயலிழந்து சாகும். கேன்களில் அடைத்துப் பணிமனையில் ஒப்படைத்தேன்.

புதிய கூலண்ட்டை ஊற்றும்போது, காற்று வெளியேறும் திருகைத் தளர்த்தி, மெதுவாக நிரப்பி, மூடியைத் திறந்து வைத்தே குறைந்த வேகத்தில் ஓட்டினேன். மறுநாள் காலை, குளிர்ந்த இன்ஜினின் மூடியைத் திறந்தபோது மட்டம் முக்கால் லிட்டர் அளவு இறங்கியிருந்தது. உள்ளே சிக்கியிருந்த காற்று வெளியேறியிருந்ததால், அதே விகிதத்தில் கலந்து நிரப்பி மூடினேன்.