எபேனில் ஆறு மணிக்கு மேல்

மொரீசியஸ் வந்ததும் வீடு, பஸ், மீன் மார்க்கெட் எல்லாம் ஒவ்வொன்றாகப் பழகிவிட்டது. பழக நாள் பிடித்தது அலுவலகத்து ஆட்களின் படிப்புதான். எபேன் சைபர்சிட்டி என்ற அலுவலக வட்டாரத்தில் எங்கள் தளத்தில் ஏதாவது ஒரு ஆன்லைன் கோர்ஸில் சேராதவர் அபூர்வம். ஒருவர் ஏசிசிஏ என்ற பிரிட்டிஷ் கணக்காளர் தேர்வின் தாள் எழுதுகிறார், இன்னொருவர் பைத்தான் புரோகிராமிங் கற்கிறார், கல்லூரியில் பிள்ளை படிக்கும் வயதில் ஒருவர் டேட்டா அனலிடிக்ஸ் வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்க்கிறார். நான் முன்பு இருந்த திருச்சி ஆடிட்டர் ஆபீஸில் வேலை கிடைத்ததும் புத்தகத்தை மூடிவிடுவோம். சி.ஏ. முடிக்காதவர்கள் மட்டும்தான் படிப்பார்கள், அதுவும் வீட்டில் பேச்சு வாங்கிக்கொண்டு.

எல்லாம் அறிவுத் தாகம் என்று நினைக்க வேண்டாம். எங்கள் தொழில் வெளிநாட்டு முதலீட்டு நிதிகளுக்குக் கணக்கு வைப்பது. எங்கேயோ யாரோ எடுக்கும் முடிவு இங்கே ஒருவருடைய வேலையை மாற்றிவிடும். இந்தியாவுடனான 1982 வரி ஒப்பந்தத்தை நம்பித்தான் பல நிறுவனங்கள் ஓடின. 2016இல் அதைத் திருத்தினார்கள். 2017 ஏப்ரல் முதல் வாங்கும் இந்தியப் பங்குகளை விற்று வரும் லாபத்துக்கு இந்தியா வரி போடலாம் என்றானது. பழைய ஆட்கள் அந்த நாட்களைப் புயல் வருடத்தைச் சொல்வது போலச் சொல்வார்கள். அடுத்து 2020 பிப்ரவரியில், கறுப்புப் பணத் தடுப்பைக் கண்காணிக்கும் சர்வதேச அமைப்பான எஃப்ஏடிஎஃப், மொரீசியஸைச் சாம்பல் பட்டியலில், அதாவது குறைகளுக்காகக் கூடுதலாகக் கண்காணிக்கும் நாடுகளின் பட்டியலில் போட்டது. அக்டோபரில் மொரீசியஸைச் சேர்த்த ஐரோப்பிய ஒன்றியத்தின் அபாய நாடுகள் பட்டியலும் நடைமுறைக்கு வந்தது. கறுப்புப் பணத் தடுப்பு விதிகள் தெரிந்த ஆளுக்குத் திடீரென்று மவுசு. கணக்கு எழுதிக்கொண்டிருந்தவர்கள் அந்தத் துறைக்கான காம்ஸ் சான்றிதழுக்கு ஆன்லைனில் படித்து, விதிகள் பின்பற்றப்படுகின்றனவா என்று பார்க்கும் கம்ப்ளையன்ஸ் பக்கம் போனார்கள். 2021 அக்டோபரில் சாம்பல் பட்டியலிலிருந்து நாடு வெளியே வந்துவிட்டது. போனவர்கள் யாரும் பழைய மேசைக்குத் திரும்பவில்லை.

எங்களைப் போல வெளியிலிருந்து வந்தவர்களுக்கு இன்னொரு கவலையும் உண்டு. இங்கே தங்கி வேலை பார்க்கத் தரும் ஆக்குபேஷன் பெர்மிட் வேலையோடு சேர்ந்தது. வேலை போனால் வீட்டு வாடகை மட்டுமல்ல, நாட்டில் இருப்பதே கேள்வியாகிவிடும். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்து எல்லையும் மூடியபோது, ஊருக்குப் போகவும் வழியில்லை, இங்கே வேலை நிலைக்குமா என்பதும் தெரியவில்லை. கோர்ஸ் பக்கம் அதுவரை எட்டிப் பார்க்காத நானும் அப்போதுதான் சேர்ந்தேன். திருச்சியில் நான் எத்தனை கம்பெனி ஆடிட் பார்த்தேன் என்பது இங்கே யாருக்கும் தெரியாது, விசாரிக்கவும் மாட்டார்கள். சிவியில் அவர்களுக்குத் தெரிந்த பெயர் ஒன்று இருந்தால்தான் கண் நிற்கும்.

மொரீசியஸ் தமிழர்களின் கணக்கு வேறு. பக்கத்து மேசைத் தோழி இங்கேயே பிறந்தவர். தமிழ் தேவாரம் அளவுக்குத்தான், பேச்சு முழுக்க பிரெஞ்சிலிருந்து பிறந்த உள்ளூர் மொழியான கிரியோல். காவடிக்குப் பத்து நாள் விரதம் இருக்கும்போது லேப்டாப்பைத் தொடமாட்டார். மற்ற நாளெல்லாம் படிப்புதான். அவர் குறி கனடா. தீவு சிறியது, மேலே போக நாற்காலி குறைவு என்பார். நான் இங்கே தங்குவதற்காகப் படிக்கிறேன், அவர் இங்கிருந்து கிளம்புவதற்காகப் படிக்கிறார். இரண்டு பேருக்கும் ஒரே கோர்ஸ், ஒரே ஃபோரம், ஒரே தேர்வு.

யாரும் வாய்விட்டுச் சொல்லாத காரணம் சாயங்காலம். கடைகளை சீக்கிரம் சாத்திவிடுவார்கள். நான் இருக்கும் குவாத்ர் போர்ன் ஊரில் இருட்டிய பிறகு தெரு வெறிச்சென்று கிடக்கும். குடும்பத்தைக் கூட்டி வராதவனுக்கு ஆறு மணி முதல் பத்து மணி வரை என்ன வேலை? ஊருக்குப் போன் செய்தாலும் அங்கே ஒன்றரை மணி நேரம் முன்னால் போய்விட்டார்கள், அம்மா கொட்டாவி விடுவார். அந்த நேரத்தை கோர்ஸ் எடுத்துக்கொள்கிறது. குறை சொல்ல மாட்டேன்.

அலுவலகம் ஏன் ஊக்கப்படுத்துகிறது என்று ஆரம்பத்தில் வியந்தேன். முதலாளிகள் பயிற்சி வரி கட்டுகிறார்கள். அங்கீகாரம் உள்ள பயிற்சிக்கு ஆளை அனுப்பினால் மனிதவள மேம்பாட்டுக்கான அரசு அமைப்பான எச்ஆர்டிசி வழியாக ஒரு பகுதியைத் திரும்பக் கேட்கலாம். கட்டிய பணத்தை மீட்கும் வழி, தாராள மனசு ஒன்றும் இல்லை. ஏசிசிஏ உறுப்பினர்களுக்கோ வருடம் 40 யூனிட் தொடர் படிப்பு காட்ட வேண்டும், அதில் 21 யூனிட்டுக்கு ஆதாரம் வேண்டும். டிசம்பரில் எல்லோரும் திடீரென்று வெபினார் பார்ப்பதன் ரகசியம் அதுதான்.

சேர்ந்தவர்கள் எல்லாம் முடிப்பதில்லை. எம்ஐடியும் ஹார்வர்டும் எட்எக்ஸ் என்ற ஆன்லைன் தளத்தில் நடத்திய கோர்ஸ்களை வைத்து 2019இல் ஒரு ஆய்வு வந்தது. 2017-18இல் சேர்ந்தவர்களில் முடித்தவர்கள் 3 சதவீதம் சொச்சம். சான்றிதழுக்குப் பணம் கட்டியவர்களில் 46 சதவீதம். எங்கள் தளத்திலும் அப்படித்தான்: இலவசமாகச் சேர்ந்ததெல்லாம் இரண்டாவது வாரத்தோடு நின்றுபோகும், கார்டில் பணம் போனது மட்டும் கடைசி வரை ஓடும். வழக்கமாகக் கஞ்சத்தனம் நல்லது என்று சொல்லமாட்டேன், இங்கே உதவுகிறது.

இந்தியாவிலிருந்து நேரலையில் நடத்தும் வகுப்புகளை நான் பரிந்துரைப்பதில்லை. அங்கே இரவு எட்டு மணி வகுப்பு என்றால் இங்கே ஆறரை, நான் மெட்ரோவில் நின்றுகொண்டிருப்பேன். காலை ஆறு மணி வகுப்பு என்றால் இங்கே நாலரை, அதற்கு மார்கழி பஜனைக்கே போகலாம். ஒரு நிறுவனத்தின் விற்பனை ஆட்கள் "சார், இன்றைக்கே சேர்ந்தால் தள்ளுபடி" என்று வாரக்கணக்கில் விடாமல் அழைத்தது தனிக் கதை.

எனக்கு அதிகம் பலன் தந்தது கணக்குப் படிப்பே இல்லை, ஆன்லைன் பிரெஞ்சு. மெயில் ஆங்கிலத்தில்தான் போகும். ஆனால் செய்தித்தாள் பிரெஞ்சு, சாப்பாட்டு மேசை கிரியோல். பிரெஞ்சு கொஞ்சம் பிடிபட்டதும் கிரியோல் காதில் விழ ஆரம்பித்தது. யார் ராஜினாமா செய்யப்போகிறார், எந்த டீமில் இடம் காலியாகிறது என்பதெல்லாம் சாப்பாட்டு மேசையில்தான் முதலில் வரும். அடுத்த கோர்ஸ் எது என்பதை அதைக் கேட்டுவிட்டுத்தான் முடிவு செய்கிறேன்.